கொக்குக்குப் போட்ட மேடு

ரெம்பாவ்காரி,

இன்று காலை சி ரூசா சாலையோரப் பசாரில் நண்டு வாங்கினேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டியிருந்த பிளாஸ்டிக் ராபியா கயிற்றை அறுத்துக் குழாயடியில் வைத்துத் தேய்த்தபோது அந்தச் சேற்று வாடை எழுந்தது. உப்பும் அழுகிய இலையும் கலந்த நம் பழைய வாடை. பக்கத்து வீட்டுப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்கருந்துக்கா வாங்கினீங்க?" என்றாள். விற்றவன் சொன்னதையே சொன்னேன். "பழைய எஸ்டேட் பாக்காவ் காட்டு நண்டாம்." அது நம் வரிசை வீடுகள், நம் லயம், இருந்த இடம் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நம் வாசற்படியில் ஊர்ந்து வளர்ந்ததை நான் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறேன்.

நண்டின் மேல் எனக்கு என்ன கோபம். இருந்தாலும் கோபம் வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "என்னா லா, நண்டுகிட்டயா சண்டை?" என்று கேட்டிருப்பாய். நீ போய் மூன்று தீபாவளி ஆகிவிட்டது. இன்று மாலை இங்கே ஒரு கூட்டம் நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆனால் அதைச் சொல்வதென்றால் பழையதிலிருந்து தொடங்க வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாம் இருவரும் ஒரே வருடத்தில் அந்தத் தோட்டத்துக் கீழ் டிவிஷனுக்கு மருமகள்களாக வந்தோம். நீ ரெம்பாவிலிருந்து, நான் கோலா சாவாவிலிருந்து. பெயர் சொல்லி நாம் கூப்பிட்டுக்கொண்டதே இல்லை. வந்த புதிதில் யாரோ கேலிக்குச் சொன்ன ரெம்பாவ்காரியும் கோலா சாவாக்காரியும் கடைசி வரை அப்படியே நின்றுவிட்டன.

வெள்ளைக்காரன் காலத்தில் கடலை மறித்து நீளக் கரை போட்டு, ஒரு மதகு வைத்து, சதுப்பு நிலத்தைக் காயவைத்துப் பிடித்த பூமி அது. முதலில் தென்னை, பிறகு எண்ணெய்க்குச் செம்பனை. மண் அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. வாய்க்காலாக வெட்டிய கான்களில் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் ஓடியது, மட்டைகள் மஞ்சளடித்துத் தொங்கின. பெரிய அலையும் மழையும் ஒன்றாக வந்தால் மதகு தாங்காது, தண்ணீர் நம் வீட்டுக்குள் வந்துவிடும். கட்டிலுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்து, அடுப்பை மேசைமேல் தூக்கி வைத்து, நின்றபடியே குழம்பு காய்ச்சியிருக்கிறோம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆபிசுக்குப் போய் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டோம். லயத்துக்கு மண்ணடித்து மேடு போட்டுத் தாருங்கள் என்றோம். பார்க்கலாம் என்றார்கள். துரைமார் மாறினார்கள், பதில் மாறவில்லை.

கரைக்கு வெளியே மட்டும் பாக்காவ் மரங்கள் ஒரு வரிசை தப்பிப் பிழைத்திருந்தன. கடலில் கால் ஊன்றி நிற்கும் அந்த அலையாத்தி மரங்களுக்கு அடியில்தான் நம் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. நீ சேலையை முழங்காலுக்குமேல் சொருகிக்கொண்டு வளைக்குள் கையை விடுவாய், நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நண்டு கடித்தால் மலாயில் திட்டுவாய். தமிழில் திட்டினால் அதற்குப் புரியாதாம்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள் ஆயாக் கொட்டகையில் கூட்டம் என்று எங்களை வேலை மேய்க்கும் மண்டோர் வந்து சொன்னார். பிள்ளைகளின் தொட்டில் துணிகளை ஒதுக்கிவிட்டுச் சுவரில் ஒரு பெரிய பிளானை ஒட்டியிருந்தார்கள். துரை இருந்தார், கணக்கெழுதும் கிராணி இருந்தார், அரசாங்க ஆபிசிலிருந்து இளவயது மலாய் அதிகாரி ஒருவர் வந்திருந்தார். அவர் பேசப் பேசக் கிராணி தமிழில் சொன்னார். இந்த நிலத்தில் இனிமேல் செம்பனை கட்டுப்படியாகாது, கரையை உடைத்துக் கடலை உள்ளே விடப்போகிறோம், பாக்காவ் காடு திரும்ப வரும், இறாலும் மீனும் வரும், பறவைகள் வரும். அதிகாரி ஆசையோடுதான் பேசினார். உன் முகத்தையும் நான் பார்த்தேன். உனக்கும் பிடித்திருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் திட்டத்தைக் கெடுக்க வந்தவள் என்று பிறகு உன்னைப் பற்றிப் பேசினார்கள். பொய். கடல் வருவதற்கு அந்தக் கொட்டகையில் உன்னைவிட ஆசைப்பட்டவர் யாருமில்லை.

நீ எழுந்து பிளானுக்குப் பக்கத்தில் போனாய். "உக்காரும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார் கிராணி. நீ உட்காரவில்லை. கரை எது, மதகு எது என்று கேட்டு, அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போனாய். விரல் ஓரிடத்தில் நின்றது.

"நம்ம லயம் எங்க?"

அந்த இடத்தில் நீலம் அடித்திருந்தது. நீலம் என்றால் தண்ணீர். அதற்குக் கொஞ்சம் தள்ளிப் பச்சையில் வட்டமாக ஒன்று இருந்தது. "இது என்னா?" என்றாய். அதிகாரி சொன்னதைக் கிராணி தயங்கித் தயங்கிச் சொன்னார். "அது வந்து, கொக்கு கூடு கட்டறதுக்கு. தண்ணி ஏறினா அதுங்க நனையக் கூடாதில்ல, அதான் மேடு போடறாங்க."

நீ எங்கள் பக்கம் திரும்பினாய். "கேட்டுக்கிட்டீங்களா? எத்தன வருஷமா மேடு கேட்டோம். கொக்கு கேக்காமலே கெடச்சிருச்சு பாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. கிராணி அதை மொழிபெயர்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றார். நீயே உன் ஊர் ரெம்பாவ் மலாயில் அதிகாரியிடம் சொன்னாய். ஒரு தமிழச்சி வாயிலிருந்து அந்தக் கிராமத்துப் பேச்சு வருமென்று அவர் எதிர்பார்க்கவில்லை. முதலில் முகம் மலர்ந்தது. சொன்னதன் அர்த்தம் உறைத்த பிறகு அவர் துரையைத் திரும்பிப் பார்த்தார்.

லயத்து ஆட்களை வேறு வேறு தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பிவிடலாம் என்றார் துரை. செடிப் பெட்டிகளை லாரியில் ஏற்றுவதைப் பற்றிப் பேசுவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எங்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டோம். அப்படியே பழகியவர்கள் நாங்கள்.

"ஆளுக்கொரு எஸ்டேட்டா பிரிச்சுப் போட்டா அப்புறம் நாங்க யாரு? மொதல்ல மேட்டு டிவிஷன்ல வீடு கட்டிக் குடுங்க. அப்புறம் கரைய ஒடைங்க. நாங்களே கூட வந்து ஒடைக்கிறோம்."

முதலில் வீடு, பிறகு கரை. உன் கோரிக்கை முழுவதும் அவ்வளவுதான். அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப் பேச்சை அத்தோடு மூடிவிட்டு நாற்று வேலையைத் தொடங்கினார்கள். செம்பனைக் கன்று வளர்த்த நம் பெண்கள் கூட்டத்திடமே பாக்காவையும் கொடுத்தார்கள். முருங்கைக்காய் நீளத்துக்கு இருந்த அந்த விதைகளைப் பையில் ஊன்றி, குழாய்த் தண்ணீர் ஊற்றி, செம்பனைக்குப் போடுகிற அதே உரத்தை வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். கடலில் முளைக்கிற மரத்துக்குக் குழாய்த் தண்ணீர். இந்தக் கூத்து எந்தத் தோட்டத்திலாவது நடக்குமா. நம் தோட்டத்தில் நடந்தது, ஏனென்றால் நர்சரி என்றால் இப்படித்தான் என்று அங்கே எல்லாருக்கும் கை பழகியிருந்தது.

அதற்குள் பெரிய மனிதர் ஒருவர் வந்து செடி நட ஒரு நாள் குறித்துவிட்டார்கள். கரையை உடைக்கவில்லை, கடல் வரவில்லை, ஆனால் நட வேண்டும். அதிகாரி எல்லார் முன்னாலும் சொன்னார், அலை வந்து போகாத மண்ணில் இது பிழைக்காது என்று. கிராணி அதையும் மொழிபெயர்த்தார். துரைக்கும் தெரியும், மண்டோருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரியாமல் செய்தால் போகட்டும் என்று விடலாம். எல்லாரும் தெரிந்தே செய்தார்கள், அதுதான் எனக்கு ஆறவே மாட்டேனென்கிறது.

மண்டோர் கம்பியை இழுத்துக் கட்டி, செம்பனைக்கு அடிப்பதுபோலவே முக்கோணம் முக்கோணமாக முளைக்குச்சி அடித்தார். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாய்.

"மண்டோரே, இதுல எப்ப பழக் கொலை வெட்டலாம்?"

"எனக்கென்னா தெரியும், தொரை சொன்னாரு, அடிக்கிறேன். நீ வேற ஏன் லா."

புதிதாக நடுகிற வெட்டில் முதல் கன்றுக்குப் பூசை போடாமல் நம் ஆட்கள் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். அது பாக்காவாக இருந்தால் என்ன. தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றை அந்தக் குச்சிச் செடியின் கழுத்தில் நீதான் கட்டினாய். "தண்ணி வரலன்னா கோவிச்சுக்காத சாமி, எங்க மேல தப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே நட்டாய். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பூசை முடியும் வரை நின்றார். விழா நாளில் நமக்குப் புதுத் தொப்பி கொடுத்தார்கள். படம் எடுக்கும்போது மட்டும் கூடாரத்துக்குப் பின்னால் போய் நிற்கச் சொன்னார்கள்.

சில வாரங்களில் எல்லாம் கருகிப்போயின. ஒருநாள் காலைப் பிரட்டில், பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், துரை வந்து நம்மைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் பொம்பளைங்களுக்கு நடத் தெரியல. அதான் எல்லாம் செத்துப்போச்சு." ஆபிசுக்கும் அப்படித்தான் எழுதி அனுப்பப்போகிறாராம்.

 நீ வரிசையை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாய்.

"இந்த எஸ்டேட்டு செம்பனை எல்லாம் யாரு நட்டது, தொரை? அது நல்லா வந்தப்ப கம்பெனி நட்டதுன்னு சொன்னீங்க. இது செத்ததும் நாங்க நட்டதா?"

 துரை ஜீப்பில் ஏறிப் போனார். 

இரண்டாம் தடவை நடச் சொன்னபோது நாம் நடவில்லை. மற்ற வேலை எதற்கும் போனோம், உரம் போட்டோம், புல் வெட்டினோம், உதிரிப் பழம் பொறுக்கினோம். பாக்காவ் நடவுக்கு மட்டும் யாரும் கை நீட்டவில்லை. வீடு வரட்டும், கடல் வரட்டும், நடுகிறோம் என்றோம். வீட்டு ஆண்கள் பயந்தார்கள். "ஊரையே தெருவுல நிறுத்தப் போற" என்று உன் வீட்டுக்காரர் கத்தினார். "இப்ப மட்டும் எங்க நிக்கிறோமாம்?" என்று கேட்டுவிட்டு அவருக்குச் சோறு போட்டாய்.

ஆனால் நர்சரியில் மிச்சமிருந்த கன்றுகளை நீ சாகவிடவில்லை. கூலி இல்லாத வேலை அது. சாயங்காலம் மதகடிக்குப் போய்த் தகரத்தில் உப்புத் தண்ணீர் மொண்டுவந்து ஊற்றினாய். உன்னைப் பார்த்து நாங்களும் ஊற்றினோம். வேலை நிறுத்தம் செய்துகொண்டே செடிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்தில் நாமாகத்தான் இருப்போம். "தொரை பண்ற வேலைக்குச் செடி என்னா பண்ணும் பாவம்" என்றாய்.

வெளியிலிருந்து கொந்தராத்துக் கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அதுவும் கருகியது. இந்த முறை பழி போட நாம் இல்லை. அதன் பிறகுதான் அதிகாரி சொன்னது துரையின் காதில் ஏறியது. செடி பிழைக்கக் கடல் வர வேண்டும், கடல் வர நாம் லயத்தை விட்டுப் போக வேண்டும், நாம் போக வீடு வேண்டும். இவ்வளவு தூரம் சுற்றிவந்துதான் மேட்டு டிவிஷன் வீடுகள் திட்டத்தில் சேர்ந்தன. தண்ணீரில் நின்று சோறாக்கிய நமக்காக அந்த வீட்டைக் கட்டவில்லை. குச்சிச் செடிக்காகக் கட்டினார்கள். 

"பரவால்ல லா, கொக்கு தயவுல வீடு" என்று நீ சிரித்தாய். அத்தோடு நிற்காமல், வீட்டுக்கு நம் பேரில் கிராண்டு, அதாவது பட்டா, வேண்டும் என்று கேட்டாய். துரை வாய்விட்டுச் சிரித்தார். வேலை செய்கிற வரைக்கும் வீடு என்றார்.

நாம் மேட்டுக்குக் குடிவந்த பிறகு கரையை வெட்டினார்கள். கடல் அவசரப்படாமல் உள்ளே வந்தது. கான்களில் ஏறி, செம்பனைகளின் காலடியில் பரவி, கூரை பிரித்த நம் லயத்தின் சிமெண்ட் தரையில் ஏறி நின்றது. தண்ணீர் வடிந்த நேரம் பார்த்துச் சுவர்களை இடித்து லாரியில் அள்ளினார்கள். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று நான் பார்க்கவில்லை, நீதான் பார்த்தாய்.

"கோலா சாவாக்காரி, அங்க பாரு. என் அடுப்படி போவுது."

செங்கல்லையும் சிமெண்டையும் கொண்டுபோய், பிளானில் பச்சை வட்டம் போட்டிருந்த இடத்தில் கொட்டி, மேலே மண் அடித்தார்கள். கொக்குக்குப் போட்ட மேடு நம் வீடுதான். "நல்லதாப் போச்சு, கடைசியில நம்ம வீடும் மேடாயிருச்சு" என்று சொல்லிச் சிரித்த நீ, அடுத்த லாரி வந்தபோது முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாய். அதற்கு முன்னும் பின்னும் நீ அழுது நான் பார்த்ததில்லை.

கடல் வந்ததும் அது தன் வேலையைச் செய்தது. விதைகள் தாமாக மிதந்து வந்து ஒட்டின. நீ உப்புத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிய கன்றுகளை நாம் நட்டோம், கம்பியும் முளைக்குச்சியும் இல்லாமல். அத்தனையும் பிடித்துக்கொண்டன. கொக்கு வந்தது. பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு மரக்கோபுரம் கட்டி, கீழே ஒரு பலகை வைத்தார்கள். அதை வாசித்துவிட்டு வந்து நீ சொன்னாய், "தானா கோசோங்னு போட்டிருக்கான். வெறும் நெலமாம். அப்ப நாம இருந்தது?" கம்பெனி பெயர் இருந்தது, வந்து நட்ட பெரிய மனிதர் பெயர் இருந்தது. அவர் நட்டது செத்துப்போனது மட்டும் அதில் இல்லை.

பிறகு உனக்கு வயதாகிவிட்டது என்று வேலையிலிருந்து நிறுத்தினார்கள். உன் வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். வேலை இல்லை என்றால் வீடு இல்லை. மேட்டில் எல்லாருக்கும் வீடு வாங்கிக் கொடுத்த நீ, சாவியை ஆபிஸ் மேசைமேல் வைத்துவிட்டு, மகனோடு சிரம்பான் அடுக்குமாடிக்குப் போனாய். மகன் தோட்டத்து வேலையில் இருந்ததால் என் வீடு தப்பியிருந்தது, அங்கே இரு என்று கெஞ்சினேன். "ஒனக்கும் அவனுங்க வந்து கதவத் தட்டுவானுங்க, வேணாம்" என்றாய். நான் உன்னைப் பார்க்க வந்தபோது சன்னலைக் காட்டி, "இங்க எவ்வளவு மழ பேஞ்சாலும் தண்ணி வராது லா" என்றாய். கீழே கார்கள் மட்டும்தான் தெரிந்தன.

நீ இறந்த செய்தி விடிகாலையிலேயே ஆபிசுக்குப் போனில் வந்துவிட்டது. பிரட்டு நேரத்தில் சொன்னால் எல்லாரும் லீவு கேட்பார்கள் என்று வேலை முடிந்த பிறகு சொன்னார்கள். நாங்கள் லாரி பிடித்துச் சிரம்பான் வந்து சேர்ந்தபோது உன்னைத் தூக்கிவிட்டிருந்தார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் போவதில்லை.

இப்போது இன்றைக்கு வருகிறேன். மேட்டு டிவிஷனை விற்றுவிட்டார்கள். செம்பனையை அழித்துப் புது டவுன் வரப்போகிறதாம். அதற்குத்தான் இன்று மாலை கோயில் மண்டபத்தில் கூட்டம். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் வந்திருந்தார், நம் ஆள்தான், தமிழ் நன்றாகப் பேசினார். சுவரில் ஒரு பிளான். நடுவில் நீலமாக ஏரி, ஏரி நடுவில் பச்சையாகத் தீவு. பறவைகளுக்காம்.

நண்டைச் சட்டியில் போட்டுவிட்டு அப்படியே போயிருந்தேன். சோப்புப் போட்டும் விரலில் அந்தச் சேற்று வாடை போகவில்லை. அவர் ஏரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மகன் என் முந்தானையைப் பிடித்து, "சும்மா இரும்மா" என்றான். நான் எழுந்து பிளானுக்குப் பக்கத்தில் போனேன். பெரிய ரோடு எது, கோயில் எது என்று கேட்டேன். காட்டினார். அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"எங்க வீடு எங்க?"

"ஆண்ட்டி, நீங்க மொதல்ல உக்காருங்க. எல்லாத்தையும் அப்புறம் சொல்றேன்."

"மொதல்ல வீட்டக் காட்டுங்க. அப்புறம் உக்காரறேன்."

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. குழாயடியில் மூக்கைப் பொத்தினாளே அந்தப் பெண், அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். பிறகு இன்னொருத்தி. அந்த மனிதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, என் விரலைச் சுற்றித் தேடினார். எனக்குத் தெரியும், அது அங்கே இல்லை. அவருக்கும் தெரியும். இருந்தாலும் தேடினார், ஏனென்றால் நான் விரலை எடுக்கவில்லை.